சோடியம் இருக்கும் அறை

அனுப்புநர்
ஜா. சகாயமேரி,
ஆய்வக உதவியாளர்,
ஹில்டா நினைவு மேல்நிலைப் பள்ளி (அரசு உதவி பெறுவது),
பரவை, மதுரை.

பெறுநர்
உயர்திரு மாவட்டக் கல்வி அலுவலர் அவர்கள்,
மதுரை.

பொருள்: பள்ளி வேதியியல் ஆய்வகப் பின்னறையில் தேங்கியுள்ள அபாயகரமான வேதிப்பொருள்களை 12.10.2025 ஞாயிற்றுக்கிழமைக்கு முன் உரியவர்களைக் கொண்டு அகற்றக் கோருதல், 18.07.2025 அன்று நடந்த விபத்து குறித்து நான் இட்ட பொய்ச் சாட்சிக் கையொப்பத்தைத் திரும்பப் பெறுதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. நான் மேற்படி பள்ளியில் இருபத்து மூன்று ஆண்டுகளாகப் பணிபுரிகிறேன். ஆய்வகத்துக்குப் பின்னால் பத்துக்கு எட்டடியில் ஓர் அறை இருக்கிறது. பாடத்திட்டம் மாறும்போதெல்லாம் பயனற்றுப்போன வேதிப்பொருள்கள் அங்கேதான் போய்ச் சேர்ந்தன. பாதிப் பாட்டில்களில் லேபிளைப் பூச்சி அரித்துவிட்டது. உடைந்த வெப்பமானிகளின் பாதரசம் ஓர் ஊறுகாய்ப் பாட்டிலில் கிடக்கிறது. அந்த அறைக்கும் ஆறாம் வகுப்பு ‘ஆ’ பிரிவுக்கும் இடையே இருப்பது ஒற்றைச் செங்கல் சுவர். அந்த வகுப்பில் நாற்பத்தொரு பிள்ளைகள் படிக்கிறார்கள்.

2. அவற்றுள் இரண்டு பொருள்களைக் குறித்துத் தங்களிடம் தனியே சொல்ல வேண்டும். ஒன்று, மண்ணெண்ணெயில் மூழ்கியிருக்க வேண்டிய சோடியம். தண்ணீர் பட்டால் தீப்பிடித்து வெடிக்கும். எண்ணெய் வற்ற வற்ற நான்தான் ஊற்றி வருகிறேன். அறையின் கூரை ஒழுகுகிறது. மழைக்காலத்தில் விடுமுறை நாள்களிலும் பள்ளிக்கு வந்து பார்த்துவிட்டுத்தான் வீடு திரும்புகிறேன். சென்ற ஐப்பசியில் திருப்பரங்குன்றத்தில் என் மகளுக்குப் பிரசவமானபோது மூன்றாம் நாள்தான் குழந்தையைப் பார்க்க முடிந்தது. மற்றொன்று பிக்ரிக் அமிலம். ஈரம் காய்ந்து, மூடியைச் சுற்றி மஞ்சளாகப் பொரிந்து நிற்கிறது. வேதியியல் ஆசிரியை ரோகிணி அதைப் பார்த்ததும் என் கையைப் பிடித்துப் பின்னால் இழுத்தார். “மேரிக்கா, அதத் தொட்றாதீங்க. மூடியத் திருகுனாலே வெடிச்சிரும்” என்றார்.

3. இவற்றை அகற்ற நான் முயலாமல் இல்லை. அபாயகரக் கழிவுகளை எடுத்துச் செல்லும் நிறுவனம் ஒன்றைத் தொலைபேசியில் அழைத்துக் கேட்டேன். என்னென்ன உள்ளன, எவ்வளவு உள்ளன என்று பள்ளியின் கடிதத்தாளில் எழுதித் தந்தால் வண்டி அனுப்புவதாகச் சொன்னார்கள். அந்தக் கடிதத்துக்காகப் பள்ளித் தாளாளரிடம் மூன்று முறை சென்றேன். “எழுத்துல குடுத்தா நம்மளே இருக்குன்னு ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிரும்மா” என்று அவர் மறுத்துவிட்டார். பின்பக்கத்தில் குழி தோண்டிப் புதைக்கலாம் என்றார் தலைமையாசிரியர் திரு. யேசுதாஸ். பிள்ளைகள் குடிக்கும் ஆழ்துளைக் கிணறு அங்கிருந்து நாற்பதடியில் இருப்பதால் நான் உடன்படவில்லை. வேறு பணிக்கு மாற்றுமாறு கேட்டேன். இருப்பை எண்ணி, வேறொருவர் கையொப்பமிட்டு ஏற்றுக்கொண்டால் போகலாம் என்றார்கள். அந்த அறைக்குக் கையொப்பமிட யாரும் முன்வரவில்லை. நானாக இருந்தாலும் முன்வந்திருக்க மாட்டேன்.

4. கடந்த ஜூலையில் பள்ளியைப் பார்வையிட ஒரு குழு வருவதாக இருந்தது. 18ஆம் தேதி வெள்ளிக்கிழமை, அந்த அறையைக் காலி செய்யும்படி தூய்மைப் பணியாளர் திருமதி ஒச்சாயியிடம் தலைமையாசிரியர் சொன்னார். சாவியைத் தரும்படி என்னிடம் சொன்னார். நான் கொடுத்தேன். ஒச்சாயி என்னைப் பார்த்து, “டீச்சர், இம்புட்டு பாட்டிலு இருக்கே, எதுல என்ன இருக்குன்னு சொல்லிட்டுப் போங்க” என்று கேட்டார். நான் டீச்சர் அல்ல. ஆனாலும் அப்படித்தான் கூப்பிடுவார். மேல் தட்டில் உள்ள சோடியத்தையும் மஞ்சள் பாட்டிலையும் தொட வேண்டாம், மற்றதை நான் வந்து பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டுப் பன்னிரண்டாம் வகுப்புச் செய்முறைத் தேர்வுப் பயிற்சிக்குப் போனேன்.

5. இருபது நிமிடத்தில் அலறல் கேட்டது. தலைமையாசிரியர் அவசரப்படுத்தியதால், ஒச்சாயி லேபிள் இல்லாத இரண்டு பாட்டில்களைக் கழுவுதொட்டியில் அடுத்தடுத்து ஊற்றியிருக்கிறார். அவை ஒன்றோடொன்று பொங்கி முகத்தில் தெறித்துவிட்டன. அறை முழுவதும் செந்நிறப் புகை. அவரை இழுத்து வந்து குழாயடியில் உட்கார வைத்தேன். அன்று குழாயில் தண்ணீர் வரவில்லை. பிள்ளைகளின் தண்ணீர்ப் பாட்டில்களை வாங்கி வாங்கி அவர் முகத்தில் ஊற்றினேன். இன்று அவருடைய இடது கண்ணுக்குக் கை அசைவது மட்டுமே தெரிகிறது.

6. பள்ளிப் பதிவேட்டில், கழிவறை கழுவும் ஆசிட்டைக் கையாள்கையில் அவர் கால் வழுக்கி விழுந்ததாக எழுதினார்கள். தண்ணீரே வராத அன்று கழிவறை கழுவியிருக்க முடியாது. ஆயினும் கீழே சாட்சியாக உள்ள கையொப்பம் என்னுடையது. “சாவி உங்க கையிலதானம்மா இருந்துச்சு? உள்ளத எழுதுனா மொதல்ல உங்க பேருதான் வரும்” என்று தலைமையாசிரியர் சொன்னார். நான் பயந்துவிட்டேன். பிறகு ஒச்சாயியின் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன். அவர் மகள் பாண்டீஸ்வரி எங்கள் பள்ளியில்தான் பன்னிரண்டாம் வகுப்பு படிக்கிறாள். “விடுங்க டீச்சர். பாண்டீசு பரீச்சை முடியட்டும். அதுவரைக்கும் நானும் வாயத் தொறக்க மாட்டேன், நீங்களும் தொறக்காதீக” என்றார். எனக்கு அது சௌகரியமாக இருந்தது என்பதையும் இங்கே ஒப்புக்கொள்கிறேன்.

7. ஆகஸ்டு முதல் அவர் மீண்டும் வேலைக்கு வருகிறார். இப்போது, வளாகத்தில் அபாயகரமான பொருள் எதுவும் இல்லை என்று ஒரு சான்று தயாராகியுள்ளது. வரும் திங்கட்கிழமைக்குள் நான் அதில் கையொப்பமிட வேண்டுமாம். அது உண்மையாக வேண்டும் என்பதற்காக, ஞாயிறு ஆராதனை முடிந்ததும் அறையில் உள்ள எல்லாவற்றையும் சாக்கில் கட்டி வெளியேற்ற ஏற்பாடாகியிருக்கிறது. கட்டப்போவது ஒச்சாயி. நேற்று மாலை என்னிடம் வந்து, “இந்தத் தடவ நீங்க கூட நிப்பீகளா டீச்சர்?” என்று கேட்டார். ஒற்றைக் கண்ணோடு அந்த மஞ்சள் பாட்டிலைத் தூக்கப் போகிறவர் கேட்ட கேள்விக்குப் பதிலாகவே இந்த மனுவை எழுதுகிறேன்.

8. ஆகவே ஐயா, ஞாயிற்றுக்கிழமைக்கு முன் அந்த அறைக்கு முத்திரையிட்டு, பயிற்சி பெற்றவர்களைக் கொண்டு மட்டுமே அதைக் காலி செய்ய ஆணையிடுமாறு வேண்டுகிறேன். அதுவரை ஆறாம் வகுப்புப் பிள்ளைகளை வேறு இடத்தில் உட்கார வைக்க வேண்டும். ஒச்சாயிக்கு நேர்ந்ததை நேர்ந்தபடியே பதிவு செய்து, அவருக்குரிய சிகிச்சையும் இழப்பீடும் கிடைக்கச் செய்ய வேண்டும். அவர் மகளின் படிப்புக்கு இதனால் ஊறு வரக்கூடாது. பொய்க் கையொப்பமிட்டதற்காக என் மீது எடுக்கப்படும் எந்த நடவடிக்கைக்கும் கட்டுப்படுகிறேன்.

9. இறுதியாக ஒன்று. இத்தகைய மனுக்கள் வழக்கமாக விளக்கம் கேட்டுச் சம்பந்தப்பட்ட பள்ளிக்கே அனுப்பப்படும் என்று அறிகிறேன். அருள்கூர்ந்து இதை அப்படி அனுப்ப வேண்டாம். ஆய்வகம் பற்றி வரும் கடிதங்களுக்கு எங்கள் பள்ளியில் பதில் எழுதுவது நான். என்ன எழுத வேண்டும் என்று எனக்குச் சொல்லப்படும். கடிதத்துக்குப் பதிலாகத் தாங்கள் ஓர் ஆளை அனுப்புங்கள்.

இடம்: பரவை
நாள்: 09.10.2025

தங்கள் வருகையை எதிர்நோக்கும்,
(ஒப்பம்)
ஜா. சகாயமேரி