வாலு ஒன்றும் கேட்பதில்லை

என் வீட்டு எஜமானிக்கு,

உன் உத்தரவுக்குக் கட்டுப்பட்டவன் எழுதுவது. இங்கே நாங்கள் இருவரும் நலம். என் காலில் போட்டிருந்த மாவுக்கட்டைப் பிரித்தாயிற்று. அடுத்த மாதம் பெயின்ட் வேலைக்கு வரலாம், ஆனால் ஏணியில் ஏறக் கூடாது என்கிறார் மேஸ்திரி. தரையில் நின்றபடி எட்டும் வரைக்கும் அடிக்க வேண்டியதுதான்.

மீன் கம்பெனியில் இன்னும் இரண்டு வருடத்துக்குக் கையெழுத்துப் போடட்டுமா, பிள்ளை தாங்குவாளா என்று கேட்டிருந்தாய். தங்கமாக இருக்கிறாள், தாராளமாகப் போடு என்று எழுதத்தான் போன வாரம் உட்கார்ந்தேன். பொய்யில்லை. பக்கத்து பெஞ்சுப் பிள்ளையைக் கடித்து வைத்த வாலுவா இவள் என்று இருக்கிறது. நான் கேட்பதற்குள் குடிக்கத் தண்ணீர் கொண்டுவந்துவிடுகிறாள். வகுப்பில் யார் அழுதாலும் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொள்கிறாளாம். ஏழு வயதில் இப்படி ஒரு மனசை நான் பார்த்ததில்லை என்றார் டீச்சர். எனக்குத் தலைகால் புரியவில்லை.

அப்புறம்தான் அவள் காலைப் பார்த்தேன். கட்டைவிரல் நகம் கறுத்துப்போயிருந்தது. பள்ளிக்கூட ஷூ சிறிதாகி இரண்டு மாதமாம். உள்ளே இருக்கும் அட்டையைப் பிய்த்து எறிந்துவிட்டு, சாக்ஸ் அரிக்கிறது என்று என்னிடம் கதை விட்டுவிட்டு, வெறும் காலைத் திணித்துக்கொண்டு போயிருக்கிறாள். ஏன்டி சொல்லலை என்று கத்திவிட்டேன். "நீ பாவம்ப்பா" என்றாள். எனக்குச் சுருக்கென்றது. பெற்றவனைப் பார்த்துப் பிள்ளை பரிதாபப்படலாமா? நல்ல மனசுதான், அதில் உன்னையே உரித்து வைத்திருக்கிறாள். ஆனால் அதில் அன்பு எவ்வளவு, அப்பா உடைந்துவிடுவானோ என்ற பயம் எவ்வளவு என்று எனக்குப் பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை.

புது ஷூ வாங்கியாயிற்று. திரும்பி வரும்போது, உனக்கு என்ன வேணும்னாலும் கேளு, அப்பா வருத்தப்பட மாட்டேன் என்று கெஞ்சினேன். கடைத்தெரு முழுக்க யோசித்துக்கொண்டே வந்தாள். பந்து கேட்பாள், பொம்மை கேட்பாள் என்று நானும் காத்திருந்தேன். "அம்மா வேணும்" என்றாள். என் முகம் என்ன ஆனதோ, உடனே கையைப் பிடித்துக்கொண்டு, "சும்மா சொன்னேம்ப்பா, ஐஸ்கிரீம் போதும்" என்றாள். வாங்கிக் கொடுத்தேன்.

அந்தக் குளிர் அறையில் நின்று உன் விரல்கள் மரத்துப்போவது யாருக்காக என்று எனக்குத் தெரியாதா? நீ எப்படி முடிவு செய்தாலும் எனக்குச் சம்மதம். ஒன்றே ஒன்று. ஞாயிற்றுக்கிழமை போனில், சமத்தா இருக்கியா என்று அவளிடம் கேட்காதே. என்னடி வேணும் என்று கேள். ஒண்ணும் வேணாம் என்பாள். மறுபடியும் கேள். அவள் சொல்லும் வரைக்கும் போனை மட்டும் வைத்துவிடாதே.

உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் வரவை எதிர்பார்க்கும்,
வாலுவின் அப்பா