தலையில்லாத பயணிக்குத் தேர்ச்சி, எனக்கு உரிமத் தடை

அனுப்புநர்:
கோட்டு தைக்கும் மாஸ்டர்,
கடிகாரக் கடை மாடி.

பெறுநர்:
ஓட்டுநர் உரிம அதிகாரி அவர்கள்.

பொருள்: தையல் கடைப் பொம்மை சீட் பெல்ட் அணியவில்லை என்று நிறுத்தப்பட்ட என் உரிமத்தைத் திரும்பத் தரக் கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. சென்ற மாதம், தைத்த கோட்டை வாடிக்கையாளரிடம் காட்ட, கடைப் பொம்மையைக் காரின் முன் இருக்கையில் வைத்துக் கொண்டுபோனேன். பொம்மைக்குக் கழுத்து வரைதான் உடம்பு.

2. அதற்கு முறைப்படி பெல்ட் மாட்டினேன். துணி கசங்கக் கூடாதென்று கோட்டைப் பெல்ட்டுக்கு மேலே போர்த்தினேன். "பயணி பெல்ட் அணியவில்லை, தலை, இருக்கையின் தலைதாங்கியான ஹெட்ரெஸ்டுக்குக் கீழே தொங்குகிறது" என்று தங்கள் கேமரா கண்டுபிடித்தது. அந்தப் பயணி பாதுகாப்பு வகுப்புக்கு வரும்வரை என் உரிமம் நிறுத்தம் என்று நோட்டீஸ் வந்தது.

3. பொம்மையைத் தூக்கிக்கொண்டு தங்கள் அலுவலக வகுப்புக்கு வந்தேன். எழுத்தர் நிமிரவே இல்லை. "பயணி மட்டும் உள்ள போகட்டும், நீங்க வெளிய நில்லுங்க" என்றார். காலியாக இருந்த கடைசி நாற்காலியில் அதை வைத்துவிட்டு நின்றேன். "எல்லாரும் இவங்கள மாதிரி ஆடாம அசையாம கவனிங்க" என்று பயிற்றுநர் சொன்னது ஜன்னல் வழியாகக் கேட்டது. ஹெட்ரெஸ்டின் மேல்விளிம்பு உச்சந்தலை உயரத்துக்கு இருக்க வேண்டும் என்ற பாடத்தில் பொம்மை தேர்ச்சி பெற்றது. சான்றிதழ் இணைத்துள்ளேன்.

4. மறுநாள் உரிமம் கேட்டதற்கு, "ஓட்டுனவரும் வகுப்புக்கு வரணும். நேத்தே கடைசி இடம் போயிடுச்சு, அடுத்தது மூணு மாசம் கழிச்சுதான்" என்றார் அதே எழுத்தர். அந்தக் கடைசி இடத்தில் உட்கார்ந்திருந்தது என் பொம்மைதான் ஐயா.

5. அந்த ஹெட்ரெஸ்ட் பாடம் எனக்குப் புதிதல்ல. போன வருடம் சிக்னலில் நின்றபோது ஒரு வேன் பின்னாலிருந்து மெதுவாகத்தான் இடித்தது. மனைவி பெல்ட் போட்டிருந்தார். அவருடைய ஹெட்ரெஸ்ட் மட்டும் தோள் உயரத்தில் கிடந்தது. ஊரார் தோளையெல்லாம் அளக்கிறவன் நான், அதைக் கவனிக்கவில்லை. இன்றும் அவர் கழுத்தில் பட்டை இருக்கிறது. வாரம் இருமுறை சிகிச்சைக்கு நான்தான் அழைத்துப் போவேன். வாடகைக் காரில் ஏற அவருக்குப் பயம். மூன்று வாரமாகச் சிகிச்சை இல்லை.

6. பொம்மையின் சான்றிதழைக் கண்டால் அவருக்குச் சிரிப்பு தாங்குவதில்லை. ஆனால் கழுத்தைப் பிடித்துக்கொண்டு பாதியிலேயே நிறுத்திவிடுகிறார்.

பொம்மைக்குக் கார் ஓட்டத் தெரியாது. ஆகவே அதன் தேர்ச்சியை என் பெயருக்கு மாற்றி, உரிமத்தைத் தந்துதவ வேண்டுகிறேன். என் மனைவி ஒரு தடவையாவது முழுதாகச் சிரிக்கட்டும் ஐயா.

நாள்: ஐந்தாம் தேதி, திங்கள்
இடம்: கடை மாடி

தங்கள் பதிலுக்குக் காத்திருக்கும்,
கோட்டு மாஸ்டர் (ஒப்பம்)