ஊசி குத்திடுச்சு என்றாள் உன் அம்மா

அன்புள்ள மகளுக்கு,

நீயும் மாப்பிள்ளையும் குட்டிப்பயலும் சுகமாக இருப்பீர்கள் என்ற நினைப்போடு அப்பா எழுதுவது. எங்கள் சுகத்தைப் பற்றி எழுதத்தான் இவ்வளவு பெரிய தாளை எடுத்திருக்கிறேன், ஆனால் அதில் பாதி உனக்கு ஏற்கெனவே தெரியும் என்பது என் சந்தேகம். போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று நீ கேட்பாய். நம் வீட்டுப் போன் எப்போதும் உன் அம்மாவின் கைக்கெட்டும் தூரத்தில்தான் கிடக்கிறது, அது மணி அடித்து நான் எழுந்திருப்பதற்குள் அவள் எடுத்துவிடுகிறாள், தப்பித்தவறி நான் எடுத்தாலும் நீ இரண்டே வார்த்தையில் விசாரித்துவிட்டு அம்மாகிட்ட குடுங்கப்பா என்கிறாய். இதுவரை அதை நான் பெரிதாக எடுத்துக்கொண்டதில்லை. இப்போது எடுத்துக்கொள்கிறேன். அவள் உள்ளே சட்டைகளுக்குக் காஜா தைத்துக்கொண்டிருக்கிறாள், நான் முன்னறையில் வெட்டும் மேசைமேல் அளவு நோட்டை விரித்து, அதற்கு நடுவில் இந்தத் தாளை வைத்து எழுதுகிறேன். திருட்டுத்தனம்தான். இந்த வீட்டில் நான் மட்டுமா செய்கிறேன்.

மூன்று வாரத்துக்கு முன்னால் ஒரு செவ்வாய்க்கிழமை நூல் வாங்கி வருகிறேன் என்று கிளம்பினாள். நூல் பெட்டி நிறைந்து வழிந்துகொண்டிருந்தது, நான் பார்த்தேன், ஆனால் வாயைத் திறக்கவில்லை. ஒன்றரை மணி நேரம் கழித்து வந்தாள், கையில் நூலும் இருந்தது, அதுதான் எனக்கு இன்னும் இடித்தது. கேட்டதற்கெல்லாம் தலையை மட்டும் ஆட்டினாள். தண்ணீர் குடித்தால் பாதி மோவாய் வழியாக ஒழுகுகிறது. முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிப் பார்த்தால் வாய் ஒரு பக்கமாக இறங்கியிருக்கிறது. எனக்கு உயிரே இல்லை. உன் பெரியப்பாவுக்குப் பக்கவாதம் வந்தபோது டாக்டர் கேட்டதெல்லாம் ஞாபகம் வைத்திருக்கிறேன் இல்லையா, கையைத் தூக்கு, சிரி, இன்றைக்கு என்ன கிழமை சொல் என்று வரிசையாகக் கேட்டேன். அவள் இரண்டு கையையும் தூக்கிக் காட்டிவிட்டு, ஊசி குத்திடுச்சுங்க, கொஞ்ச நேரத்துல சரியாயிடும் என்று குழறினாள். தையல்காரன் வீட்டில் ஊசி குத்திவிட்டது என்றால் அவன் விரலைத்தானே பார்ப்பான். பத்து விரலையும் விளக்கடியில் பிடித்துப் பார்த்தேன், ஒன்றிலும் பொட்டு ரத்தம் கிடையாது. அப்படியானால் உதட்டில் குத்தியிருக்கிறது, குண்டூசியை வாயில் கவ்விக்கொண்டு வேலை செய்யாதே என்று உனக்கு எத்தனை தடவை சொல்லியிருக்கிறேன் என்று ஒரு பாட்டம் திட்டித் தீர்த்தேன். அவள் அதற்கும் தலையை ஆட்டிக்கொண்டாள். அடுத்த செவ்வாய்க்கிழமை மறுபடி நூல், மறுபடி கோணல் வாய், மறுபடி ஊசி குத்திடுச்சுங்க. முப்பத்திநாலு வருடம் ஊசி பிடித்த கை, வாராவாரம் செவ்வாய்க்கிழமை மட்டும் குத்திக்கொள்ளுமா?

அதற்கு இரண்டு நாள் கழித்து நான் மெஷினில் பேண்ட் அடித்துக்கொண்டிருந்தபோது அவள் பின்கட்டில் உன்னோடு பேசினாள். மெஷின் ஓடுகிற வரைக்கும் எனக்குக் காது கேட்காது என்று அவளுக்கு நினைப்பு. நான் காலை மட்டும் மெதுவாக மிதித்துக்கொண்டு காதை அங்கே வைத்தேன். அப்பாட்ட மட்டும் சொல்லிடாதடி, வேர் வரைக்கும் போயிடுச்சாம், உள்ள இருக்கிறதச் சுத்தமா எடுத்துடணுமாம், இன்னும் ஒரு தடவ வரச் சொல்லியிருக்காங்க. இவ்வளவுதான் காதில் விழுந்தது. நீயே சொல், இதைக் கேட்ட மனுஷன் என்ன நினைப்பான்? கட்டி என்று நினைத்தேன். எங்கேயோ உள்ளே கட்டி வந்து வேர் விட்டுவிட்டது, அம்மாவும் மகளும் சேர்ந்து என்னிடம் மறைக்கிறார்கள் என்று நினைத்தேன். அன்றைக்கு வக்கீல் ஒருவருடைய கோட்டுக்கு இரண்டு இடது கை வெட்டினேன். நான் தொழில் பழகிய காலத்தில்கூட அப்படி ஒரு தப்புச் செய்ததில்லை. அவளிடம் நேராகக் கேட்டிருக்கலாம். கேட்டால் ஆமாம் என்று சொல்லிவிடுவாளோ என்று பயம். அவள் இல்லாமல் இந்த வீட்டில் எந்தச் சாமான் எங்கே இருக்கிறது என்றுகூட எனக்குத் தெரியாது, அதை விடு, அவள் இல்லாமல் எனக்கு ஒன்றுமே தெரியாது. அந்த ஐந்து நாளும் அவள் முகத்தைப் பார்த்தாலே எனக்கு அழுகை வந்தது, அதை மறைக்க எரிந்து எரிந்து விழுந்தேன்.

போன செவ்வாய்க்கிழமை அவள் கிளம்பியதும் கடையைச் சாத்திவிட்டு நானும் பின்னாலேயே போனேன். நூல் கடையைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பேருந்து நிறுத்தத்தைத் தாண்டி, மின்சாமான் கடைக்கு மேலே மாடிப்படி ஏறினாள். நான் எதிர்ப்பக்கம் நின்றிருந்த வேனுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு பலகையைப் படித்தேன். பல் மருத்துவமனை என்று போட்டிருந்தது. பல்லில்கூடவா கட்டி வரும் என்று நினைத்துக்கொண்டு நானும் ஏறினேன். பிளாஸ்டிக் நாற்காலிகள், சுவரில் பல் தெரியச் சிரிக்கிற ஒரு குடும்பத்தின் படம், மேசைமேல் பாதியாக வெட்டிய ஒரு பெரிய பொம்மைப் பல். வரவேற்பில் இருந்த பெண் யாரைப் பார்க்க வந்தீர்கள் என்றாள். உள்ளே போனவருடைய வீட்டுக்காரர் என்றேன். அவள் அட்டையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். இருக்காதுங்களே, அவங்க வீட்டுக்காரர் வெளியூர்ல இருக்கார்னுல்ல சொன்னாங்க என்றாள். நான் அந்த நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். எட்டடி தூரத்தில் சுவருக்கு அந்தப் பக்கம் இருக்கிறவள் என்னை வெளியூருக்கு அனுப்பிவைத்திருக்கிறாள்.

ஏன் அனுப்பினாள் என்பதை உன்னிடம் மறைக்க முடியாது, அநேகமாக அதுவும் உனக்குத் தெரியும். எட்டு மாதத்துக்கு முன்னால் பள்ளிக்கூடத்தில் இலவசப் பல் பரிசோதனை வைத்தார்கள். அம்மா போய்விட்டு வந்து, கீழ்க் கடைவாய்ப் பல் சொத்தை உள்ளே நரம்பு வரைக்கும் போய்விட்டதாம், ரூட் கேனல் செய்ய வேண்டுமாம் என்று ஒரு சீட்டைக் காட்டினாள். நரம்பு என்ற ஒரு சொல்லைக் கேட்டதும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. துணியில் ஒரு இடத்தில் நூலை உருவினால் ஒரு முழம் தள்ளி இன்னொரு இடத்தில் சுருங்குகிறது, உடம்பும் அப்படித்தானே இருக்கும்? பெரியப்பா பல் பிடுங்கிய வருடத்தில்தானே கண்ணாடி போட்டார்? காஜா தைக்கிறவளுக்குக் கண் போனால் என்ன மிச்சம்? ஆனாலும் நான் ஒன்றும் விசாரிக்காமல் முடிவு செய்கிற ஆள் இல்லை. அளவெடுக்க வந்தவர்களிடமெல்லாம் கேட்டேன். கழுத்தைச் சுற்றி நாடா இருக்கும்போது யாரும் நழுவ முடியாது பார். பதினோரு பேர். மார்பு, இடுப்பு, தோள் என்று எழுதிய இடத்துக்குப் பக்கத்திலேயே அவர்கள் சொன்னதையும் குறித்துக்கொண்டேன், நோட்டு இப்போதும் என் முன்னால்தான் இருக்கிறது. கண் மங்கும், காது இரையும், மூளைக்கு ஏறும், பல் செத்துக் கறுத்து உள்ளேயே அழுகும், உசுரே போயிடும் அந்த வலில, நாலு தடவை வரவைப்பது காசு பிடுங்கத்தான், அதற்குப் பதில் ஒரேயடியாகப் பிடுங்கி எறியலாம். ஒன்பது பேர் இப்படி. டீச்சரும் தபால்காரரும் மட்டும், செஞ்சுக்கிட்டேன், வலிக்கல, நல்லாத்தான் இருக்கு என்று ஒரு வரியில் முடித்துவிட்டார்கள். டீச்சருக்கு அந்த டாக்டர் சொந்தக்காரராக இருக்கும் என்றும், தபால்காரர் எதைக் கேட்டாலும் நல்லாத்தான் இருக்கு என்கிற ஆள் என்றும் நானே எழுதி வைத்திருக்கிறேன். நல்லாயில்லை என்ற ஒன்பது பேரில் ஒருவர்கூட அதைச் செய்துகொண்டவர் இல்லை. அது அன்றைக்கு என் கண்ணில் படவில்லை. நோட்டை அம்மாவிடம் உரக்கப் படித்துக் காட்டினேன், கடையில் இரண்டு வாடிக்கையாளர்கள் நின்றுகொண்டிருந்தார்கள். பிறகு அந்தச் சீட்டை நாலாகக் கிழித்துக் குப்பைக் கூடையில் போட்டேன். மருந்துக்கடையில் மாத்திரையும் கிராம்புத் தைலமும் வாங்கிக் கொடுத்தேன், இரண்டு நாளில் வலி போச்சு என்றாள், என் வைத்தியம் ஜெயித்தது என்று எல்லாரிடமும் சொல்லிக்கொண்டேன்.

அந்தப் பல் மருத்துவமனையில் அவளுக்கு வேலை முடிந்ததும் டாக்டர் என்னை உள்ளே கூப்பிட்டார். உன் வயதுகூட இருக்காது அந்தப் பெண்ணுக்கு. அம்மா நாற்காலியில் சாய்ந்தபடி கிடந்தாள், என்னைப் பார்த்ததும் கண்ணை அகல விரித்து, மரத்துப்போக ஈறில் ஊசி குத்தியிருந்ததால் வராத வாயால் முதலில் கேட்டது, கடைய யாரு பாக்குறா என்று. இரண்டாவதாக, இங்க வச்சுத் திட்டாதீங்க என்றாள். நான் திட்டவில்லை. டாக்டரைக் குறுக்கு விசாரணை செய்தேன். கண்ணுக்கு என்ன ஆகும் என்றேன். பல்லுக்குள்ள இருக்கிறது பல்லோட முடிஞ்சுடும் ஐயா, கண்ணுக்குப் போற நரம்பு வேற, அது பக்கத்துல நாங்க போகவே மாட்டோம் என்றார். ரூட் கேனல் என்றால் பல்லின் வேருக்குள் இருக்கிற சின்னக் குழாயாம், அதில் சீழ் பிடித்ததைத்தான் சுரண்டி எடுத்துக் கழுவி அடைக்கிறார்களாம். சுரண்டுகிற கம்பிகளைக் காட்டச் சொன்னேன். நம் ஊசிகளைப் போலவே நம்பர் நம்பராக அடுக்கியிருந்தார், நுனியில் நிறம் வேறு. தலைமுடி மாதிரி இருக்கிறதே, உள்ளே ஒடிந்தால் என்ன செய்வீர்கள் என்று மடக்கினேன். எப்பவாவது ஒடியும், ஒடிஞ்சா மறைக்க மாட்டோம், சொல்லிடுவோம் என்றார். இல்லவே இல்லை என்று சாதித்திருந்தால் பிடித்திருப்பேன், இப்படி ஒப்புக்கொள்கிற ஆளை எந்தப் பக்கம் பிடிப்பது என்று எனக்குத் தெரியவில்லை. அப்புறம் அந்த எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் காட்டினார். வேர் நுனியில் ஒரு கறுப்புத் திட்டு. இது ரெண்டு மூணு தடவ வீங்கி அடங்கியிருக்கணும், எப்படித்தான் தாங்கினாங்களோ என்றார்.

அது எனக்குத் தெரியாது. இரண்டு நாளில் வலி போய்விட்டது என்றவள் எட்டு மாதம் ஒரு பக்கமாகவே மென்றிருக்கிறாள். குளிர்காலத்தில் கன்னத்தோடு துணியைச் சுற்றிக்கொண்டு தலைவலி என்றாளே, அதைச் சொல்கிறேன். நான் அவள் எதிரில்தான் உட்கார்ந்து சாப்பிட்டேன், மூன்று வேளையும். வாசலில் செருப்பு ஒரு விரல் தள்ளிக் கிடந்தாலும் யார் வந்தது என்று கேட்கிறவன் நான். அவள் எந்தப் பக்கம் மெல்லுகிறாள் என்று பார்க்கவில்லை. மாடிப்படி இறங்கும்போது அவள் கையைப் பிடித்துக்கொண்டேன், மருந்தினால் தலை சுற்றும் என்று சாக்குச் சொன்னேன். சுத்தலீங்க என்றாள், ஆனால் கையை எடுக்கவில்லை. சொன்னால் நான் விடமாட்டேன் என்றுதான் மறைத்தாயா என்று கேட்டேன். விடமாட்டீங்கன்னு இல்ல, நோட்டப் படிச்சுக் காட்டுவீங்கன்னுதான் என்றாள்.

வீட்டுக்கு வந்ததும் ஊசியில் நூல் கோக்கச் சொன்னேன், கண்ணைப் பரிசோதிக்கத்தான், என் புத்தி எங்கே போகும். ஒரே தடவையில் கோத்துவிட்டு, இதையும் கோத்துத் தரட்டுமா என்று என் கையில் இருந்ததையும் வாங்கிக்கொண்டாள். அடுத்த வாரம் பல்லுக்கு மேலே தொப்பி மாதிரி ஒன்று போடப்போகிறார்கள், அதற்கு நான் கூடப் போகிறேன், வரவேற்புப் பெண்ணிடம் வெளியூரிலிருந்து வந்துவிட்டேன் என்று சொல்ல வேண்டும். கடைக்கு வருகிறவர்கள் இப்போது கேட்டால், செஞ்சுக்கிட்டா, வலிக்கல, நல்லாத்தான் இருக்கா என்கிறேன். டாக்டர் உங்களுக்குச் சொந்தமா என்று ஒருவர் நேற்றுக் கேட்டார். நீயும் ஒரு தடவை பல்லைக் காட்டிக்கொள், குட்டிப்பயலுக்குப் படுக்கப் போகுமுன் பல் தேய்த்துவிடு, வேலை வேலை என்று தள்ளிப்போடாதே.

மேலே நாலு வரி அடித்திருக்கிறேன் பார், மை வைத்து நன்றாகவே அடித்திருக்கிறேன், வெளிச்சத்தில் பிடித்துப் படிக்காதே. அப்பாட்ட சொல்லாத என்று இத்தனை வருடத்தில் அவள் உன்னிடம் வேறு என்னென்ன சொல்லிவைத்திருக்கிறாள் என்று கேட்டு எழுதியிருந்தேன். உனக்கு அது ஞாயமாகத் தோன்றலாம், எனக்கும் முதலில் தோன்றியது. நீ எனக்கு எழுதினால் அதை எடுத்துக்கொண்டு நான் அவளிடம்தான் போய் நிற்பேன். எதையாவது சொல்ல அவளுக்கு நீ ஒருத்தியாவது இருந்தாய். அதில் கை வைக்க எனக்கு மனசில்லை.

நீங்கள் மூவரும் நோய்நொடி இல்லாமல், மனத்தாங்கல் இல்லாமல், நீடூழி இருக்க வேண்டும். மாப்பிள்ளைக்கு என் விசாரிப்புகள், குட்டிப்பயலுக்கு என் முத்தம். மறக்காதே, பதிலை என் பேருக்கு எழுதாமல் அம்மா பேருக்கே எழுது. அவள் எனக்குப் படித்துக் காட்டுவாள். நடுவில் எதையாவது விட்டுவிட்டுப் படித்தாலும் நான் கேட்கமாட்டேன்.

இப்படிக்கு,
உள்ளூரிலேயே இருக்கும்
உன் அப்பா