அடிக்கடி நின்றுபோகும் கம்ப்யூட்டர்

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் ஒரு குறையுமில்லாமல் இருக்க வேண்டும், எங்களுக்கு வேறென்ன வேண்டும். இங்கேயும் சுகம் என்று எழுதத்தான் பேனாவைத் திறந்தேன், கை ஓடவில்லை, அதனால் கம்ப்யூட்டரிலிருந்தே தொடங்குகிறேன்.

அது அடிக்கடி நின்றுபோனது நிஜம்தான். நீ திரையில் வந்து பத்து நிமிடம் ஆகியிருக்காது, பாதிச் சிரிப்போடு அப்படியே நின்றுவிடுவாய், மவுஸ் அசையாது, கொஞ்ச நேரத்தில் தானாக அணைந்து மறுபடி எழும். நீ போனில் சொன்னபடி வைரஸ் பார்த்தேன், வேண்டாத புரோகிராம்களை எடுத்தேன், ஒயர்களைப் பிடுங்கி மாட்டினேன். முப்பது வருஷம் மோட்டார் கழற்றிப் பூட்டிய எனக்கே இந்தத் தகரப் பெட்டி தண்ணி காட்டிவிட்டது. கடைசியில் ரிப்பேர்காரர் வந்தார், பெட்டியைத் தொட்டதுமே கையை எடுத்துக்கொண்டார். தூசு படக்கூடாதென்று உன் அம்மா பழைய திரைச்சீலையில் உறை தைத்துப் போட்டாளே, அதைக் கழற்றாமலே இத்தனை நாள் ஓட்டியிருக்கிறோம். இப்படிப் போர்த்தி வச்சா அது மூச்சு முட்டிச் சாகாம என்ன செய்யும் சார் என்று கேட்டார். உள்ளே விசிறி தூசியில் சிக்கிச் சுற்றவே இல்லை. அதைத் துடைத்து, ரேமைக் கழற்றி ரப்பரால் தேய்த்து மாட்டிக் கொடுத்தார். மோட்டார் சூடானால் முதலில் காற்றோட்டத்தைப் பார் என்று ஊருக்கெல்லாம் சொன்னவன் நான்.

அது நடந்து ஏழு வாரம் ஆகிறது. அதற்குப் பிறகு ஒரு தடவைகூட நிற்கவில்லை. ஹார்ட் டிஸ்க் போய்விட்டது, பவர் சப்ளை போய்விட்டது என்று வாராவாரம் நான் சொன்னதெல்லாம் பொய். உன் வேலைக்கு நடுவே நீ சரிசெய்யும் வழியை ஒவ்வொன்றாக எழுதி அனுப்பினாய், நானும் செய்து பார்த்தேன் என்று கூசாமல் சொன்னேன். அம்மாதான் சொல்லச் சொன்னாள். அவளுக்கு வயிற்றுப் புண் என்று உன்னிடம் சொன்னோமே, அது புண் இல்லையம்மா, புற்றுநோய்க் கட்டி. மருந்து ஏற்றியதில் முடியெல்லாம் கொட்டிவிட்டது, பாதி ஆளாகிவிட்டாள். என்னை இந்தக் கோலத்துல அவ பாக்க வேண்டாம், கைக்குழந்தைய வச்சுக்கிட்டுத் தவிச்சுப் போயிடுவா, மெஷின் இன்னும் சரியாகலைன்னே சொல்லுங்க என்றாள். ஞாயிற்றுக்கிழமை நீ போனில் பேசும்போது உன் படத்தைத் திரை நிறையப் போட்டுக்கொண்டு, அதன் எதிரில் உட்கார்ந்துதான் கேட்கிறாள். எனக்குப் பார்க்கச் சகிக்கவில்லை.

மருந்து கேட்கவில்லை, வர வேண்டியவர்களை வரச் சொல்லுங்கள் என்று டாக்டர் திங்கட்கிழமை சொல்லிவிட்டார். போனில் இதைச் சொல்ல எனக்குத் தைரியமில்லை, அவள் காதில் விழாத மூலையும் இந்த வீட்டில் இல்லை, அதனால்தான் கூரியரில் அனுப்புகிறேன். லீவுக்கு வருகிறேன் என்றாயே, அதுவரை காத்திருக்காதே, கடிதம் கிடைத்ததும் டிக்கெட் போடு. மறைத்ததற்கு என்னைத் திட்டு, அவளை ஒன்றும் சொல்லாதே.

உங்கள் மூவருக்கும் என் ஆசி எப்போதும் உண்டு. ஒன்றை மட்டும் மறக்காதே, நான் எழுதியதாக அம்மாவிடம் காட்டிக்கொள்ள வேண்டாம். திடீரென்று ஏன் வந்தாய் என்று கேட்டால், கம்ப்யூட்டரைச் சரிசெய்ய வந்தேன் என்று சொல்.

உன் அப்பா