முட்டை தொடாத சர்க்கரைப் பூ

தச்சநல்லூர்,
புரட்டாசி 28

சிரஞ்சீவி பாபநாசத்துக்கு அப்பா திருஞானசம்பந்தம் பிள்ளை ஆசீர்வதித்து எழுதுவது. காந்திமதி அம்மன் புண்ணியத்தில் இங்கன நானும் உங்க அம்மையும் உடம்புக்கு ஒண்ணுமில்லாமல் இருக்கோம், கொழும்பில் நீயும் அப்படியே இருக்கணும். உன் கடுதாசி வந்தது. மூணு வருஷமா துரை கடையில் வேலை, துரை கடையில் வேலைன்னு நீ எழுதி, நானும் எழுத்து வேலைன்னு ஊரெல்லாம் சொல்லி வச்சிருக்கேன். இப்பம் பார்த்தா இத்தனை நாளும் பெட்டி கட்டினவர், இந்த ஆடியிலிருந்து கேக்குக்கு மேலே வைக்கச் சர்க்கரையில் பூப் பண்ணுதாராம். நல்ல உத்தியோகம். பூ வேணும்னா செடியில் பறிக்கவேண்டியதுதானே, அதைச் சர்க்கரையில் பண்ணிக் கல்யாணம் முடிஞ்சதும் தின்னு தீர்க்கிற கூட்டத்தை இப்பத்தான் கேள்விப்படுதேன்.

சரி, அதையாவது உடையாமல் பண்ணத் தெரியுதா. கேக்கில் வைக்குமுன்னே இதழ் உதிருதாம், துரை திட்டுதானாம், ஐப்பசிக் கடைசியில் வர்ற கல்யாணக் கேக்கிலும் உதிர்ந்தால் ஊரைப் பார்த்துப் போன்னு சொல்லிட்டானாம். சொல்லாமல் என்ன செய்வான். கோழிமுட்டை வெள்ளையை அடிச்சுச் சர்க்கரையில் சேர்க்கச் சொன்னால், அவன் அந்தப்பக்கம் திரும்பினதும் நீ பச்சைத் தண்ணியை ஊத்திப் பிசைஞ்சிருக்கே. தண்ணியில் பிசைஞ்ச சர்க்கரை நிக்குமாலே. மாவு அடிக்கிறவன், அடுப்பில் வைக்கிறவன் எல்லாம் வேற ஆளாம், இவர் பூ மட்டுமாம், அதனால் சைவத்துக்குக் குறைவில்லையாம். மூளைக்குத்தான் குறைவு.

நீ வழி கேட்டதுக்காக உங்க அம்மை சர்க்கரையைத் திரிச்சுக் கஞ்சித்தண்ணி விட்டுப் பிசைஞ்சு பிச்சிப்பூவாட்டம் பத்துப் பூப் பண்ணினா. பண்ணி, கூழ்வத்தல் நினைப்பில் மச்சில் வெயிலில் காயப்போட்டுட்டா. சாயந்தரம் போனால் அத்தனையும் வெடிச்சுக் கிடக்கு, துண்டை எறும்பு தூக்கிட்டுப் போகுது. பிள்ளைக்குப் புத்தி எங்கேயிருந்து வந்ததுன்னு அப்பம் தெரிஞ்சுது. அவ பதிலுக்குச் சொன்னதை எழுத இதில் இடமில்லை. பொறவு நாட்டுமருந்துக்கடை அசன் மைதீன்கிட்ட, மருந்து உருண்டை உதிராமல் எப்படி நிக்குதுன்னு கேட்டேன். வேலம்பிசின்னு சொன்னார். அதை வெந்நீரில் ஊறப்போட்டுத் துணியில் வடிகட்டி, சலிச்ச சர்க்கரைப்பொடியில் பைய பைய விட்டுக் கொழுக்கட்டை மாவுப் பதத்துக்குப் பிசை. ஈரத்துணி போட்டு மூடிவச்சுக் கொஞ்சம் கொஞ்சமா எடுத்து அப்பளமாட்டம் தேய்ச்சு இதழ் வெட்டு. நிழலில் ரெண்டு நாள் காயணும், வெயில் கூடாது. காஞ்சதைத் தகரப்பெட்டியில் வச்சு, வறுத்த அரிசியைத் துணியில் முடிஞ்சு அடியில் போடு, மழை ஈரம் ஏறாது. இப்படி நாங்க பண்ணிப் பார்த்தது ஆறு நாளாச்சு, கைதவறி விழுந்தும் உடையலை. கடிச்சால் பல்லு போகும், துரைமார் பல்லு என் பொறுப்பில்லை. நல்ல பிசினாப் பொறுக்கிப் பார்சலில் அனுப்பியிருக்கேன்.

கடலோரத்து ஈரத்தில் இதுவும் இளகினாலும் இளகும். நீ கப்பல் ஏறுமுன் தூத்துக்குடியில் வச்சு, முட்டை மாமிசம் கையால் தொடமாட்டேன்னு சத்தியம் வாங்கினவன் நான்தான். நான் பார்க்காத ஊரில், வேலையே போகும்னு தெரிஞ்சும் நீ அதைக் காப்பாத்தியிருக்கே. உன் வயசில் நான் மூணு நாள் காப்பாத்தியிருக்க மாட்டேன். வேலையை விட்டுட்டு இங்கன வந்து நிக்காதே, இங்கன உனக்கு ஒண்ணும் வைக்கலை, நிலமெல்லாம் என் காலத்திலேயே போயிட்டுது.

நோய்நொடி இல்லாமல் தீர்க்காயுசா இரு, சனிக்கிழமை எண்ணெய் தேய்ச்சுக் குளி. பிசின் நின்னால் சந்தோஷம். நிக்கலைன்னா முட்டையைத் தொட்டுட்டுக் கையைக் கழுவிக்கோ, என்கிட்ட எழுதிக் கேட்டுக்கிட்டு இருக்காதே.

இப்படிக்கு,
உன் அப்பா,
திருஞானசம்பந்தம் பிள்ளை