நீ எழுதிக் கொடுத்த பன்னிரண்டு பக்கம்

பத்தாங் பெர்ஜுந்தாய்,
ஞாயிற்றுக்கிழமை.

அன்பு மகன் கோகிலனுக்கு அப்பா எழுதுவது. நானும் உன் அம்மாவும் இங்கே நடமாட்டத்தோடு இருக்கிறோம், அந்த ஆஸ்திரேலியக் குளிரில் உனக்குக் காய்ச்சல் தலைவலி வராமல் நம் தோட்டத்து மாரியம்மன் பார்த்துக்கொள்வாள். போனில் கூப்பிட்டால் எடுக்கிறாய், சாப்பிட்டாயா என்று கேட்கிறேன், சாப்பிட்டேன் என்கிறாய், அதற்குமேல் இரண்டு பேருக்கும் பேச்சு ஓடுவதில்லை. வாயில் வராததை எழுதியாவது தொலைப்போம் என்றுதான் உட்கார்ந்தேன். இங்கே பத்து நாளாக மழை, ஆற்றோரத்துச் செம்பனை எல்லாம் தண்ணீரில் நிற்கிறது. அம்மாவுக்கு முழங்கால் வலி அப்படியேதான். உன் மோட்டாரை வாரம் ஒரு தடவை ஸ்டார்ட் செய்து ஒரு சுற்று ஓட்டி வைக்கிறேன், அதைப் பற்றிக் கவலைப்படாதே.

நேற்று உன் சிநேகிதன் செல்வா வந்தான். அடுத்த மாதம் அவனுக்குக் கல்யாணம், தட்டில் வெற்றிலை பாக்கோடு பத்திரிகை கொண்டுவந்தான். எங்களுக்கு ஒன்று, அதற்குக் கீழே உன் பேர் எழுதி இன்னொன்று. "அவன் வர மாட்டான்னு தெரியும் அங்கிள், ரெண்டு வருசமா என் மெசேஜக்கூட பாக்கல, இருந்தாலும் அவன் பேர எழுதாம எப்படி" என்றான். அம்மா தட்டை வாங்கிக்கொண்டாள். எனக்குக் கை நீளவில்லை. ஐயா, அந்தப் பையன் உன்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. உன் திட்டத்தை வெளியே விட்டவன் உன் அப்பன். இதைத்தான் இரண்டு வருடமாக நெஞ்சில் வைத்துக்கொண்டு உன்னிடம் சாப்பிட்டாயா, சாப்பிட்டாயா என்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

நடந்ததை நடந்தபடி சொல்கிறேன். நீயும் செல்வாவும் ஞாயிறு தவறாமல் ஈஜோக் பக்கம் வீடு வீடாகப் போய், வயதான ஆட்களின் சின்னச் சின்னச் செம்பனைத் தோட்டம் முப்பத்தேழைக் கணக்கெடுத்து, யாருக்கு எத்தனை மரம், எத்தனை நாளாகக் குலை வெட்டாமல் கிடக்கிறது, பிள்ளைகள் எந்த ஊரில் இருக்கிறார்கள் என்று பன்னிரண்டு பக்கம் எழுதி என் கையில் கொடுத்தாய். மூன்று ஆள், ஒரு லோரி, வெட்டிய குலையையும் எடைச் சீட்டையும் அன்றைக்கே படம் பிடித்து கோலாலம்பூரில் இருக்கும் பிள்ளைகளுக்கு அனுப்புவது, இவ்வளவுதான் என்றாய். நான் சிரித்தேன். குலை வெட்ட ஊரில் ஆளா இல்லை என்று கேட்டேன். அதற்கு நீ சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. "வெட்டுறதுக்கு ஆள் இருக்குப்பா, நம்புறதுக்குத்தான் ஆள் இல்ல, நாம விக்கப்போறது அதத்தான், நீங்க மரத்தப் பாத்துக்குங்க, மத்தத நான் பாத்துக்கிறேன்" என்றாய். என்னையும் கூட்டாளியாகத்தான் வைத்திருந்தாய்.

எனக்கு என்ன தெரியும் சொல். நம் வீட்டில் உன் தாத்தா காலத்திலிருந்து மலாயிலோ இங்கிலீஷிலோ எந்தக் காகிதம் வந்தாலும் தோட்டத்து ஆபீசில் கணக்கு எழுதும் கிராணியிடம் போகும். உன் பிறப்புப் பத்திரம், பள்ளிக்கூட பாரம், அம்மாவின் ஆஸ்பத்திரிச் சீட்டு, எல்லாம் ஆபீஸ் மேசையில் அவர் படித்துச் சொன்ன பிறகுதான் நமக்கு அர்த்தமாகும். அந்தப் பழக்கத்தில் உன் பன்னிரண்டு பக்கத்தையும் சட்டைக்குள் வைத்துக்கொண்டு போய் சுகுமாறன் கிராணியிடம் நீட்டினேன். பெருமையும் இருந்தது, பொய் சொல்ல மாட்டேன். என் பிள்ளை எழுதியது பாருங்கள் என்று காட்டத்தான் போனேன். வைத்துவிட்டுப் போ, படித்துச் சொல்கிறேன் என்றார். மூன்று வாரம் கழித்துத் தேத்தண்ணிக் கறையோடு திருப்பிக் கொடுத்து, "இதெல்லாம் எடுபடாதுலா இருசப்பன், பையன மாசச் சம்பளத்துல ஒக்காரச் சொல்லு" என்றார். நானும் கிளிப்பிள்ளை மாதிரி அதையே வந்து உன்னிடம் ஒப்பித்தேன். இரண்டு மாதத்தில் அவர் மச்சானுடைய லோரி ஈஜோக்கில் ஓடியது. அதே முப்பத்தேழு வீடு, உன் பட்டியல் போன வரிசையிலேயே. பட்டியல் தெரிந்தவன் அவன் ஒருவன்தான் என்று நீ செல்வாவின் சட்டையைப் பிடித்தபோது நான் வாசலில்தான் நின்றேன். என் நாக்கு செத்துப்போய்விட்டது கோகிலா.

நேற்று செல்வாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவன் கோபப்படுவான் என்று பார்த்தேன், நாலு அறை விட்டாலும் வாங்கிக்கொண்டிருப்பேன். "நான் இல்லடான்னு அவன்கிட்ட எத்தன தடவ சொன்னேன் தெரியுமா அங்கிள்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்து அழுதான். அம்மா அவனுக்குத் தண்ணீர் கொடுத்தாள். எனக்கு இந்த நேரம்வரை முகம் கொடுக்கவில்லை, சோற்றை வைத்துவிட்டு அடுப்படிக்குப் போய்விடுகிறாள்.

கிராணியை என்ன கேட்டாய் என்பாய். ஒன்றும் கேட்கவில்லை. காலையில் பார்த்தால் வணக்கம் கிராணியாரே என்று என் கை தானாகத் தூக்கிக்கொள்கிறது. விடியற்காலை ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் பேர் கூப்பிட்டால் மட்டும் வாய் திறந்து வளர்ந்த உடம்பு இது. நீ புக்கிட் பெருந்துங் தொழிற்சாலையில் இருந்தபோது, சம்பளத்துக்குச் செய்தாலும் சொந்தக் கடை மாதிரி நினைத்துச் செய்யணும், அடுத்த ஆளுக்கு என்ன தொல்லை என்று பார்க்கணும் என்பாய். கேட்காததை ஏன் போய்ச் சொல்கிறாய், கொடுத்த வேலையைச் செய் என்று உன்னை ஏசியவன் நான். போன வாரம் ஈஜோக்கில் சன்னாசிக் கிழவரைப் பார்த்தேன், உன் பட்டியலில் முதல் பேர். அந்த லோரிக்காரர்கள் படமும் அனுப்புவதில்லை, சீட்டும் காட்டுவதில்லையாம். "ஒம் மவன் வந்தா மரத்தப் பத்தி கேக்குறதுக்கு முந்தி என் கண்ணப் பத்தி கேப்பான், அவன் எப்ப வரான்" என்றார். தெரியவில்லை என்று சொல்லிவிட்டு மோட்டாரைத் திருப்பினேன். பாதி வழியில் நிறுத்தி அழுதேன். சொந்தத் தொழில் செய்ய இருந்த பிள்ளை எவனுடைய ஆப்பிளையோ பறித்துக்கொண்டிருக்கிறாய்.

திரும்பி வா என்று சொல்ல எனக்கு முகம் இல்லை. எங்கே இருந்தாலும் அந்தப் புத்தியை விடாதே, அது சரியான புத்தி. யாரிடம் காட்டுகிறாய் என்பதை மட்டும் பார்த்துக்கொள். என்னை மன்னிப்பதைப் பிறகு பார்க்கலாம், கல்யாணத்துக்கு முன்னால் செல்வாவைக் கூப்பிடு, என்னைக் கூப்பிடுவதற்கும் முன்னால். மாரியம்மன் உன்னை நன்றாக வைக்கட்டும், குளிருக்குக் காதை மூடிக்கொள், நேரத்துக்குச் சாப்பிடு.

கவரில் யாருக்கு விலாசம் எழுதுவதென்றாலும் இதுவரை ஆபீசுக்குத்தான் போவேன். இந்தத் தடவை போனைப் பார்த்து ஒவ்வோர் இங்கிலீஷ் எழுத்தாக நானே எழுதுகிறேன். இந்தக் கடிதத்தைக் கிராணியிடம் காட்டவில்லை.

உன் அப்பா,
இருசப்பன்