பாரிவாக்கம் வரை போய்வாருங்கள்

அன்புள்ள அம்மாவுக்கு அர்ஷத்தின் சலாம். முட்டிவலி தேவலையா? எனக்கு ஒரு குறையும் இல்லை.

இங்கே சவூதியில், தம்மாமில் மெட்ராஸ் பாஷை பேசினால் ரவுடி என்பார்கள். அதனால் நான் புத்தகத் தமிழ்தான் பேசுவேன், ஊர் திருச்சி என்பேன். பக்கத்துக் கட்டில் வீரராகவனும் தஞ்சாவூர் என்று சொல்லி அப்படியேதான் பேசினான்.

செவ்வாயன்று கட்டடச் சாரத்திலிருந்து விழுந்தபோது அவன் என் கையைப் பிடித்து, "மச்சான், உட்டுட்டுப் பூடாதடா, எங்க ஊடு பாரிவாக்கம்டா" என்றான். நம் பூந்தமல்லிக்குப் பக்கம்! ஆம்புலன்சில் நம் பேச்சிலேயே பேசிக்கொண்டு போனேன். பாதி வழியில் அவன் மூச்சு நின்றுவிட்டது.

வீட்டுக்குச் சொல்ல அவன் போனிலிருந்தே கூப்பிட்டேன். "யம்மா" என்றதும் அவன் அம்மா, "இன்னா நைனா, ரெண்டு நாளா போனே காணோம்? துன்னியா?" என்றார். அவனென்றே நினைத்துவிட்டார். நானும், "துன்னேம்மா, நல்லா கீறேன்" என்று சொல்லி வைத்துவிட்டேன்.

ஆபீஸிலிருந்து யாரோ இந்தியில் சொல்வதற்குள், நீங்கள் பாரிவாக்கம் போய், அவன் அம்மா தாட்சாயிணியிடம் சொல்லிவிடுங்கள். கொஞ்ச நேரம் பக்கத்திலேயே இருங்கள். போனில் சொல்ல எனக்கு வாய் வராது என்றுதான் எழுதி, தங்கை அதீபாவின் வாட்ஸாப்புக்கு அனுப்புகிறேன்.

அவன் போன் மறுபடியும் அடிக்கிறது. முடிக்கிறேன்.